கட்டுநாயக்காவில இருந்து டொரண்டோ எவ்வளவு தூரம், எத்தின மணித்தியாலம்? அம்மாவ தனிய அனுப்புறாக்களுக்கு

களுவாஞ்சிக்குடியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா. அவட அம்மா முதல்தரமா தனிய டொரண்டோவுக்குப் போறாவாம், அண்ணன்ட புள்ளயப் பாக்க. தூரம் எவ்வளவு எண்டு நெட்ல தேடினா ஒரு இடத்தில 14,000 எண்டு கிடக்கு, இன்னொரு இடத்தில 8,700, மறுகா ஒரு இடத்தில 7,560. நேரம் பதினாறரை மணித்தியாலம் எண்டு போட்டிருக்கு, ஆனா டுபாயால போற மாதிரி டிக்கெட் எடுத்துக் குடுத்தவர் அனுப்பின பேப்பரக் கூட்டிப் பாத்தா 25 மணித்தியாலம் வருது. அவர் வேணுமெண்டு சுத்தி அனுப்புறாரா, டுபாய் கட்டார் லண்டன் இதுகளில எதால போனா கிட்ட, மட்டக்களப்பில இருந்து எத்தின மணிக்கு வெளிக்கிட வேணும் எண்டுதான் கேள்வி.

தங்கச்சி, அவர் சுத்தி அனுப்பல்ல. இது கொஞ்சம் ஆச்சரியமாத்தான் இருக்கும், நீங்க கேட்ட எந்த வழியால போனாலும் தூரம் கிட்டத்தட்ட ஒண்டுதான். நேரத்தக் கூட்டுறதும் குறைக்கிறதும் நடுவில ஏர்போட்டில குந்தி இருக்கிற நேரமும், நம்மட மட்டக்களப்பு ரோட்டும். விமானம் இதில பெரிய குற்றவாளி இல்ல. ஏன் எண்டு ஒவ்வொண்டா சொல்லுறன், கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா வாசிங்க.

முதல்ல அந்த மூண்டு நம்பர். மூண்டும் ஒரே தூரம்தான், அளவுகோல்தான் வேற. கிலோமீட்டரில சுமார் 14,000, நம்ம பழைய மைலில 8,700, கடல் மைலில 7,560. ஒரு கடல் மைல் எண்டா 1.852 கிலோமீட்டர். கப்பல்காரரும் பைலட்மாரும் கடல் மைலிலதான் கணக்குப் பாக்கிற, வாழைச்சேனை பக்கம் பெரிய போட்டில ஜிபிஎஸ் வச்சுக் கடலுக்குப் போறாக்களிட்டக் கேட்டா அவங்களே சொல்லுவாங்க. சில வெப்சைட்டில அலகு ஓரமா சின்ன எழுத்தில கிடக்கும், நாம பெரிய நம்பர மட்டும் பாத்துப் போட்டு ஓடிடுவம்.

அடுத்தது அந்தப் பதினாறரை மணித்தியாலம். அப்பிடி ஒரு ப்ளைட் இல்ல. 14,000 ஐ மணிக்கு 850 கிலோமீட்டர் எண்டு பிரிச்சா பதினாறரை வருது, அந்த வெப்சைட் செய்ததும் அவ்வளவுதான். கட்டுநாயக்காவில ஏறி டொரண்டோவில இறங்குற நேரடி சேர்விஸ் ஓடுறதில்ல. ஏன் இல்ல எண்டு கேட்டா, ஸ்ரீலங்கன் வச்சிருக்கிற பெரிய விமானம் ஏ330, அது நிறைய ஆளும் சாமானும் ஏத்திக்கொண்டு 14,000 கிலோமீட்டர் ஒரே மூச்சில போற விமானம் இல்ல. உலகத்தில இப்ப ஓடுற ஆக நீளமான சேர்விஸ் சிங்கப்பூர்ல இருந்து நியூயோர்க், 15,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல போகும், அதுக்கெண்டே கூட எண்ணெய் கொள்ளுற மாதிரி செஞ்ச ஏ350-900 யூஎல்ஆர் எண்ட விமானத்தப் போட்டிருக்காங்க. அதில சாதாரண எக்கனமி சீட்டே இல்ல, அவ்வளவு தூரம் எண்ணெயச் சுமக்க வேணும் எண்டா ஆக்களக் குறைச்சு ஆளுக்குக் காசக் கூட்டத்தான் வேணும். டொரண்டோட ஸ்காபரோப் பகுதியில எங்கட சனம் எவ்வளவு இருந்தாலும் அந்த விலைக்கு நாளாந்தம் ஒரு விமானம் நிரம்பாது. அதால ஒரு இடத்தில இறங்கி ஏறித்தான் ஆக வேணும், இத ஏஜென்டிட்ட சண்ட பிடிச்சு மாத்தேலாது.

இப்ப "எது கிட்ட" எண்ட கேள்விக்கு வாறன், இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

சுவரில தொங்குற உலகப் படத்தில கொழும்பையும் டொரண்டோவையும் அடிமட்டம் வச்சுக் கோடு கீறிப் பாத்தா அது அரபிக்கடல், ஏமன், சஹாரா பாலைவனம், அத்திலாந்திக் எண்டு போகும். அந்தக் கோட்டில விமானம் போனா 16,100 கிலோமீட்டர் ஓட வேணும். சரியான குறுக்கு வழி அதில 2,000 கிலோமீட்டருக்கு மேல குறைவு, ஆனா அது படத்தில வளைஞ்சு தெரியும். தோடம்பழத் தோல உரிச்சு மேசையில அமத்தி வச்சா ஓரமெல்லாம் கிழியும் இல்லாட்டி இழுபடும், உலகப் படமும் அப்பிடி இழுத்து அமத்தின தோல்தான், மேல வடக்கில போகப் போக இழுவை கூட. கிறீன்லாந்து படத்தில ஆபிரிக்காவுக்குச் சரிசமமா நிக்கிறதும் இதாலதான், உண்மையில ஆபிரிக்காக்குள்ள கிறீன்லாந்து பதினாலு தரம் அடங்கும்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில பூகோள உருண்டை இருந்தா எடுத்து ஒரு தையல் நூல வச்சுப் பாருங்க. ஒரு நுனிய கொழும்பில பெருவிரலால அமத்திப் பிடிச்சு மற்ற நுனிய டொரண்டோவில வச்சு தொய்வில்லாம இழுங்க, நூல் தன்பாட்டில வழுகி வடக்கே ஏறிக் குந்தும். கொழும்பில இருந்து கர்நாடகா, ராஜஸ்தான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், மறுகா ஏரல் கடல் பக்கம், ரஷ்யாவில ஆர்க்கேஞ்சல்ஸ்க், நோர்வேட உச்சியில துரோம்சோ, கிறீன்லாந்து, கனடாட வடக்கு, அங்கால கீழ இறங்கி டொரண்டோ. நோர்வேக்கு அங்கால 72 பாகை வடக்கு வரைக்கும் ஏறும், அது ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேல. இந்த நூல்ட நீளம்தான் அந்த 14,000. மேற்கே இருக்கிற நாட்டுக்குப் போக ஏன் வடக்கே ஏறுறாங்க எண்டு சனம் கேக்கிறதுக்கு விடை இந்த நூலிலதான் கிடக்கு.

இப்ப அதே நூல நடுவில ஒரு ஊரில தொட்டுக்கொண்டு போற மாதிரி பிடிச்சுப் பாப்பம். கட்டுநாயக்கா டுபாய் 3,290 கிலோமீட்டர், டுபாய் டொரண்டோ 11,080, கூட்டினா 14,370. கட்டார்ட டோஹாவால போனா 3,610 உம் 10,880 உம், கூட்டினா 14,490. லண்டனால போனா 8,715 உம் 5,710 உம், 14,425. இஸ்தான்புல்லால போனா 6,295 உம் 8,170 உம், 14,465. பாத்தீங்களா? டுபாய் எங்கயோ தெற்கில, லண்டன் எங்கயோ வடமேற்கில, படத்தில பாக்கக்குள்ள ரெண்டும் வேற வேற திசை, ஆனா கூட்டுத்தொகை 55 கிலோமீட்டர்தான் வித்தியாசம். அது களுவாஞ்சிக்குடியில இருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போய் வாற தூரம். விமானத்துக்கு நாலு நிமிசம். நேரடி நூலோட ஒப்பிட்டாலும் நூற்றுக்கு மூண்டு கூட, அவ்வளவுதான் சுத்து.

இத விளங்கினா ஏஜென்ட் சொல்லுற "லண்டன் வழி தூரம் கூட", "டுபாய் வழி கிட்ட" எண்ட கதையளுக்கு காது குடுக்கத் தேவல்ல. ஆகாயத்தில இருக்கிற நேரமும் அப்பிடித்தான். டுபாயால போனா நாலரை, மறுகா பதினாலு, ஆக பதினெட்டரை மணித்தியாலம். லண்டனால போனா பதினொண்டும் எட்டும், பத்தொன்பது. இஸ்தான்புல்லால போனா பத்தொன்பதரை வரைக்கும் வரும். உங்கட அம்மாட டிக்கெட்ல 25 வருது எண்டா பதினெட்டரை பறக்கிற நேரம், மிச்சம் ஆறரை டுபாயில காத்திருக்கிற நேரம். சுத்தினது விமானம் இல்ல, மணிக்கூடு.

ஆனா ஒண்டு சொல்ல வேணும், நூல் பிடிச்ச பாதையில விமானம் அப்பிடியே போறதில்ல. டுபாய்க்கும் டொரண்டோவுக்கும் நூல் பிடிச்சா அது ஈரான், கோக்கஸஸ் மலை எண்டு போய் உக்ரைன்ட கீவ் நகரத்துக்குக் கிட்டத்தால போகும், மறுகா பால்டிக் கடல், நோர்வேட தெற்கு, ஐஸ்லாந்துக்குக் கீழ, கிறீன்லாந்துட தெற்கு முனை. 2022 பெப்ரவரி 24 இல இருந்து உக்ரைன்ட வான்பரப்பு பயணிகள் விமானத்துக்கு மூடிக் கிடக்கு, அப்ப அந்தக் கோட்டில ஒருத்தரும் போகேலாது, ஒரு பக்கத்தால விலத்தித்தான் போவாங்க. ரஷ்யா ஐரோப்பிய நாட்டு கொம்பனிகளுக்கும் கனடாக்காரருக்கும் வான மூடி வச்சிருக்கு, வளைகுடா கொம்பனிகளுக்கு மூடல்ல, அதால ஒரே ஊருக்குப் போற ரெண்டு கொம்பனிக்கு ரெண்டு பாதை. 2025 ஜூன் மாதம் ஈரான் சண்டையில அந்தப் பக்கம் வான் மூடப்பட்டு, 23 ஆந்தேதி கட்டார்ட வானும் சில மணித்தியாலம் மூடினாங்க, ஆகாயத்தில இருந்த விமானமெல்லாம் கிறுகி வேற ஊர்களில இறங்கினது. இப்பிடியான காலத்தில அம்மாவ அனுப்புறதெண்டா ரெண்டு பறப்பும் ஒரே டிக்கெட்ல இருக்கா எண்டத முதல்ல பாருங்க, ஒரே டிக்கெட் எண்டா கனெக்ஷன் தவறினா அடுத்த விமானத்தில ஏத்துறது அவங்கட பொறுப்பு. தனித்தனியா ரெண்டு டிக்கெட் எடுத்து இருபதினாயிரம் ரூபா லாபம் பாக்கிற வேல வயசுபோனாக்களுக்குச் செய்யாதீங்க.

காத்தும் ஒரு கணக்கு. முப்பதாயிரம் நாப்பதாயிரம் அடி உயரத்தில மேற்கில இருந்து கிழக்க ஒரு காத்து ஓடுது, ஜெட் ஸ்ட்ரீம் எண்டு சொல்லுற, குளிர் காலத்தில மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலயும் அடிக்கும். கனடாக்குப் போகக்குள்ள இது முகத்தில அடிக்கும், திரும்பி வரக்குள்ள முதுகில தள்ளும். அதாலதான் டுபாயில இருந்து டொரண்டோ பதினாலு மணித்தியாலம், அதே தூரம் திரும்பி வர பன்னிரெண்டே முக்கால் போல. 2020 பெப்ரவரியில ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ நியூயோர்க்கில இருந்து லண்டனுக்கு 4 மணித்தியாலம் 56 நிமிசத்தில வந்தது, வழமையா ஆறு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கிற பயணம். எஞ்சினில ஒரு விசேசமும் இல்ல, புயல் காத்து தள்ளிக்கொண்டு வந்தது. அம்மா திரும்பி வரக்குள்ள அரை மணித்தியாலம் முந்தி இறங்கினா அதுவும் இதுதான்.

நீங்களே கணக்குப் பாக்க ஒரு சின்ன வழி சொல்லுறன். கிலோமீட்டர 850 ஆல பிரிங்க, வாற விடையோட அரை மணித்தியாலம் கூட்டுங்க. அந்த அரை மணித்தியாலம் ஓடுபாதைக்கு ஊந்து போறதுக்கும் ஏறி இறங்குறதுக்கும். டிக்கெட்ல போட்டிருக்கிற நேரம் கேட்டை விட்டு விமானம் அசையிறதில இருந்து மற்றப் பக்கம் கேட்டில நிக்கிற வரைக்கும், பறக்கிற நேரம் மட்டும் இல்ல. மேற்கே நீளப் பயணம் எண்டா இன்னொரு அரை மணித்தியாலம் போடுங்க. மெல்பேர்னுக்கு 8,360 கிலோமீட்டர், பிரிச்சுக் கூட்டினா பத்தேகால் வரும், ஸ்ரீலங்கன்ட நேரடி ப்ளைட்டும் அவ்வளவுதான் எடுக்கும். சிங்கப்பூர், சென்னை மாதிரி கிட்டத்து ஊருகளுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் குறைச்சுச் சொல்லும், கொம்பனிகள் தாமதத்துக்கெண்டு கொஞ்சம் மேலதிகமா போட்டு வச்சிருப்பாங்க.

சரி டிக்கெட்ட வாசிக்கிறது எப்பிடி எண்டு பாப்பம், இதிலதான் கூடுதலான ஆக்கள் குழம்புற. டிக்கெட்ல கிடக்கிற ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். ஒரு உதாரணத்துக்கு, கட்டுநாயக்காவில விடியப்புறம் 4.00 க்கு ஏறுறா எண்டு வைங்க, நாலரை மணித்தியாலம் ஓடினா நம்மட நேரம் 8.30, டுபாய் நம்மள விட ஒன்றரை மணித்தியாலம் பின்னுக்கு, அப்ப டிக்கெட்ல 7.00 எண்டு கிடக்கும். மூண்டு மணித்தியாலம் காத்திருந்து டுபாய் நேரம் 10.00 க்கு ஏறி பதினாலு மணித்தியாலம் ஓடினா, கோடை காலத்தில டொரண்டோவில இறங்குற நேரம் அதே நாள் பின்னேரம் 4.00. விடிய நாலுக்கு ஏறி பின்னேரம் நாலுக்கு இறங்குறா, பேப்பரப் பாத்தா பன்னிரண்டு மணித்தியாலப் பயணம் மாதிரி இருக்கும். ஆனா டொரண்டோ நம்மள விட ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, அதையும் கூட்டினா இருபத்தொண்டரை, அதுதான் உண்மையான நேரம். அங்க குளிர் காலத்தில வித்தியாசம் பத்தரை, ஏனெண்டா அவங்க மார்ச் ரெண்டாவது ஞாயிறு மணிக்கூட்ட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வச்சு நவம்பர் முதல் ஞாயிறு பின்னுக்கு எடுப்பாங்க, நாம மாத்துறதில்ல. திரும்பி வாற டிக்கெட்ல நேரத்துக்குப் பக்கத்தில +1 எண்டு சின்னதா கிடந்தா அடுத்த நாள் இறங்குற எண்டு அர்த்தம், +2 உம் வரும், பயப்படாதீங்க.

இன்னொரு விசயம் கேட்டா நம்ப மாட்டீங்க, மேல சொன்ன அந்தப் பதினாலு மணித்தியாலத்தில கோடை காலத்தில அம்மா ராவையே காணமாட்டா. பூமி நடுக்கோட்டில மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில சுத்துது, ஆனா 60 பாகை வடக்கில அதில அரைவாசி, 835. விமானம் ஓடுறது 850, 900. அப்ப சூரியன் போற வேகத்துக்குச் சமனா விமானமும் மேற்கே போகுது, பகல் பத்து மணிக்கு ஏறினா பத்து மணி வெயில் ஜன்னல்ல அப்பிடியே நிண்டு நிண்டு மெதுவாத்தான் சாயும். இது வேடிக்கைக் கதை மட்டும் இல்ல. அம்மா சுகர் பிரஷர் குளுசை எடுக்கிறா எண்டா "பின்னேரம் போடு, ராவைக்குப் போடு" எண்டு சொல்லி விட்டா குழம்பிடுவா. இத்தின மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்டு டொக்டரிட்ட கேட்டு எழுதி, கையில ஒரு மணிக்கூட்ட இலங்கை நேரத்திலயே கட்டி விடுங்க, டொரண்டோவில இறங்கினாப் பொறகு மகன் மாத்தட்டும். இன்சுலின் எடுக்கிறாக்கள் கட்டாயம் டொக்டரிட்ட கேட்டுத்தான் போக வேணும். கல்முனை, சாய்ந்தமருது பக்கத்து ஆக்கள் ரமழான் மாதத்தில நோன்போட இந்தப் பயணம் போகலாமா எண்டும் கேக்கிற, பயணத்தில இருக்கிறாக்களுக்கு விட்டுப் பிடிக்கிற சலுகை மார்க்கத்திலயே இருக்கு, மேற்கே போற பகல் ப்ளைட்டில இஃப்தார் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

காத்திருக்கிற நேரம் எவ்வளவு நல்லம்? ஆறரை கூடத்தான், ஆனா ஒன்றேகால் மணித்தியாலக் கனெக்ஷன விட ஆறரை எவ்வளவோ மேல். டுபாய், டோஹா ரெண்டும் பெரிய ஏர்போட், ஒரு கேட்டில இருந்து மற்றக் கேட்டுக்கு ரெயினிலயும் போக வேண்டி வரும், நடுவில பாதுகாப்பு சோதனை வேற. இங்கிலிஷ் தெரியாத, முழங்கால் நோவு உள்ள அம்மாவுக்கு என்ட கணக்கில மூண்டில இருந்து அஞ்சு மணித்தியாலம் அளவான நேரம். ரெண்டுக்குக் கீழ எண்டா நான் எடுக்க மாட்டன். எட்டுக்கு மேல எண்டா விலை நல்லாக் குறைஞ்சாத்தான் யோசிக்கலாம், அதுவும் வாலிபப் பொடியனுக்கு. வீல்செயார் சொல்லிப் போடுங்க, அம்மா நல்லா நடப்பா எண்டாலும் சொல்லுங்க. காசு இல்ல, டிக்கெட் எடுக்கக்குள்ளயே இல்லாட்டி ஆகக் குறைஞ்சது 48 மணித்தியாலத்துக்கு முதல் சொல்ல வேணும். நடக்கிறதுக்கு மட்டும் இல்ல அது, வழி தெரிஞ்ச ஒரு ஆள் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவார் எண்டதுதான் பெரிய லாபம்.

இனி மட்டக்களப்பு ரோட்டுக்கு வருவம். மட்டக்களப்பில இருந்து கட்டுநாயக்கா நேர்கோட்டில 205 கிலோமீட்டர்தான். ரோட்டால போனா கிட்டத்தட்ட 300. நூற்றுக்கு நாப்பத்தஞ்சு கூட! உலகத்தில மூண்டில ஒரு பங்கச் சுத்திப் போற விமானம் நூற்றுக்கு மூண்டுதான் சுத்துது, நம்மட வேன் ஓட்டமாவடி, வெலிக்கந்த, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரண, தம்புள்ள, குருநாகல் எண்டு சுத்தி ஏழு மணித்தியாலம் எடுக்குது. அந்த ஏழு மணித்தியாலத்தில டுபாய் போய்ச் சேந்து சாப்பிட்டும் முடிச்சிடலாம். புதூரில எங்கட ஏர்போட் கிடக்கு, சின்ன விமானத்துக்கு கட்டுநாயக்கா முக்கா மணித்தியால வேல, ஆனா பெரிய ஜெட் இறங்குற நீளம் அந்த ஓடுபாதைக்கு இல்ல, அதால டொரண்டோக்காரருக்கு அது வேலியில தொங்குற சுரக்காய்தான்.

வேன் எண்டா ஹபரண பக்கத்த வெளிச்சத்தோட தாண்டுற மாதிரி வெளிக்கிடுங்க. மின்னேரியா, ஹபரண காட்டுக்குள்ள பொழுது பட்டா யானை ரோட்டுக்கு இறங்கும், ட்ரைவர்மார் மெதுவாத்தான் போவாங்க, சில நேரம் வழிய விடுற வரைக்கும் நிண்டுதான் ஆக வேணும். ரெயினுக்கும் அதுதான் பிரச்சின, 2025 பெப்ரவரியில கல்லோயாக்கு அங்கால மட்டக்களப்பு ரெயின் யானைக் கூட்டத்தில மோதித் தடம் புரண்டு ஆறு யானை செத்தது. ப்ளைட் பிடிக்கிற நாளில ரெயின நம்புறத நான் விரும்புறதில்ல, முதல் நாளே கொழும்புக்கோ நீர்கொழும்புக்கோ போய்த் தங்கிறாக்களுக்கு உதயதேவி சோக்கான பயணம். நவம்பர் டிசம்பர் மாரிக்குள்ள எண்டா மன்னம்பிட்டி பக்கம் மகாவலி பெருகி ரோட்டு மூடுறது வழக்கம், அந்த மாதங்களில முதல் நாளே போங்க, கேள்வியே இல்ல.

அம்பாறை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்தாக்களுக்கு ரெண்டு வழி. ஒண்டு மகியங்கனை ஏறி கண்டியால. பதினெட்டு வளைவு எண்டு பேர் போன மலைப்பாதை, சத்தி எடுக்கிற அம்மாவ அதில ஏத்திக்கொண்டு போய் பத்தொன்பது மணித்தியால விமானத்தில விடுறது பாவம். மற்றது சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாயவால இறங்கி மத்தளயில அதிவேகப் பாதையப் பிடிக்கிறது. 2020 பெப்ரவரியில அது அம்பாந்தோட்டை, மத்தள வரைக்கும் வந்தது, அங்க ஏறினா கொட்டாவ, கடவத்த, கெரவலப்பிட்டிய எண்டு அதிவேகப் பாதையாலயே கட்டுநாயக்கா போய்ச் சேரலாம். கிலோமீட்டர் கூடத்தான், டோல் காசும் இருக்கு, ஆனா இடுப்பு நோகாது. நான் பொத்துவில்காரனா இருந்தா அதாலதான் போவன்.

இப்ப நேரக் கணக்கு. விமானம் விடியப்புறம் 4.00 க்கு எண்டா 1.00 க்கு கவுண்டரில நிக்க வேணும். அப்ப முதல் நாள் பின்னேரம் ரெண்டு மணிக்கு வீட்ட விட்டு வெளிக்கிட்டா அஞ்சு மணி போல ஹபரண தாண்டி, தம்புள்ளயில தேத்தண்ணி குடிச்சு, குருநாகலில ராச்சாப்பாடும் சாப்பிட்டு, ஆறுதலா பதினொரு மணிக்கு முதல் போய்ச் சேரலாம். இந்த "முதல் நாள்" எண்டதக் கவனிங்க. டிக்கெட்ல 15 ஆந்தேதி 4.00 எண்டு கிடந்தா அது 14 ஆந்தேதி ராவுப் படுக்கைக்குப் பொறகு வாற விடியல். 15 ஆந்தேதி பகல் சமைச்சு சாப்பிட்டு, கோயிலுக்கும் போய், ராவைக்கு ஏர்போட்டுக்குப் போய் "ப்ளைட் நேத்தே போயிட்டே" எண்டு கேட்டு அழுதுகொண்டு வந்த குடும்பங்கள் நம்ம பக்கம் நிறைய. காலண்டரில 14 ஐத்தான் வட்டம் போடுங்க.

எல்லாத்தையும் கூட்டினா வீட்டு வாசலில இருந்து ஸ்காபரோ வீட்டு வாசல் வரைக்கும் ஒன்றரை நாள், உங்கட அம்மாட டிக்கெட்ல ஆறரை மணித்தியாலக் காத்திருப்பு இருக்கிறதால இன்னும் மூண்டு நாலு மணித்தியாலம் கூடும். மகனிட்டயும் இத முன்கூட்டியே சொல்லி வைங்க, வந்து சேந்த நாளே விருந்து வைக்க வேணாம்.

லண்டன் இல்லாட்டி ஐரோப்பிய ஊரால போறதெண்டா ஏர்போட்டுக்குள்ளயே மாறினாலும் இலங்கைப் பாஸ்போட்டுக்கு ட்ரான்சிட் விசா சட்டம் இருக்கு. கனடா விசா இருந்தா சில இடத்தில விலக்கு, அது நாட்டுக்கு நாடு வேற, காசு கட்ட முதல் அந்தந்த நாட்டு அரசாங்க வெப்சைட்டில பாருங்க. டுபாய், டோஹாவில வெளிய போகாம மாறுறதுக்கு அந்தத் தலையிடி இல்ல, வயசானாக்களுக்கு நான் அந்தப் பக்கத்தச் சொல்லுறதுக்கு உண்மையான காரணம் இதுதான், தூரம் இல்ல.

தேன் போத்தல், நெய், மாசிச்சம்பல் எண்ணெயோட, இதெல்லாம் பெரிய பெட்டிக்குள்ள. கைப்பையில வச்சா நடு ஏர்போட்டில 100 மில்லிக்கு மேல எண்டு எடுத்துப் போடுவாங்க, கட்டுநாயக்காவில விட்டாங்க எண்டது அங்க செல்லாது. தயிர் சட்டிய விட்டுடுங்க, அது டொரண்டோ வரைக்கும் போற சாமான் இல்ல. சாப்பாட்டுச் சாமான் எது கொண்டுபோனாலும் கனடாவில இறங்கினதும் இருக்கு எண்டு சொல்லிடோணும், சொன்னா ஆகக்கூடினது அந்தச் சாமான எடுப்பாங்க, மறைச்சாத்தான் தண்டம்.

போனில விமானம் பாக்கிற ஆப் வச்சிருக்கிறாக்களுக்கு ஒரு வார்த்த. அத்திலாந்திக்குக்கு மேல, கிறீன்லாந்துப் பக்கம் போகக்குள்ள விமானத்தின்ட படம் அப்பிடியே நிக்கும், இல்லாட்டி காணாமப் போகும். நெஞ்சிடிச்சு ஏஜென்டுக்கு கோல் எடுக்காதீங்க. அந்த ஆப் கரையில இருக்கிற அன்டெனா வாங்குற சிக்னல வச்சுத்தான் பெரும்பாலும் காட்டுற, நடுக்கடலில அன்டெனா இல்ல. கனடாட கரைக்குக் கிட்ட வந்ததும் மறுகா காட்டும்.

டொரண்டோ பியர்சனில டெர்மினல் 1, 3 எண்டு ரெண்டு இருக்கு, மகன் எதுக்கு வர வேணும் எண்டத டிக்கெட்ல பாத்து இப்பவே அனுப்பி வைங்க. இமிக்ரேஷன், பெட்டி எண்டு எல்லாம் முடிய ஒன்றில இருந்து ரெண்டு மணித்தியாலம் போகும். அம்மாட கைப்பையில மகன்ட விலாசம், போன் நம்பர், திரும்பி வாற டிக்கெட், கூப்பிட்டு எழுதின கடிதம் நாலும் பேப்பரில இருக்கட்டும், போன் சார்ஜ் இறங்கினா போனுக்குள்ள இருக்கிற ஒண்டும் உதவாது.